மாஸ்டர் டேப்பை எவ்வளவு நெருங்கலாம்: ஸ்பூலா, எல்.பி.யா, டிஜிட்டலா?

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். என்னோடு வேலை பார்த்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ஜாஸ் பித்தை என்னிடமிருந்து தொற்றிக்கொண்டவர். திருவான்மியூரில் எங்கள் இருவருக்கும் தெரிந்த நண்பர் ஒருவர் வீட்டில், திறந்த சுருள்களில் ஓடும் ஸ்பூல் டேப்பில், ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "அண்ணா, ரெண்டு நாளா வீட்ல எந்த ரெக்கார்டைப் போட்டாலும் காதுல ஏற மாட்டேங்குது. மூணு லட்சம் ஒதுக்கி வெச்சிருக்கேன். ஸ்பூல் மெஷின் வாங்கிடவா? இல்ல டர்ன்டேபிளை மாத்திட்டு நல்ல எல்.பி.யா வாங்கவா? இல்ல, ஃபைலே போதும்னு சொல்வீங்களா?"

அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம் என்று மட்டும் அப்போது சொன்னேன். அவர் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொன்னால் அது தப்பான பதிலாகத்தான் இருக்கும். இருபது வருஷமாக இந்த மூன்று வழியிலும் பணத்தையும் நேரத்தையும் போட்டவன் என்பதால், தெரிந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

அவர் இரண்டு ஆல்பங்களைச் சொன்னார். ஒன்று ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. இன்னொன்று பில் எவன்ஸ் ட்ரியோவின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. இரண்டிலும் பியானோவில் எவன்ஸ்தான். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி. இரண்டும் நியூயார்க்கில், இரண்டு வருஷ இடைவெளியில் பதிவானவை. ஆனால் இரண்டும் டேப்பில் ஏறிய விதம் வேறு வேறு. எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எது மாஸ்டர்?

'மாஸ்டர் டேப்', அதாவது எல்லா நகல்களுக்கும் மூலமான டேப், என்று நாம் சொல்லும்போது ஏதோ ஒரே ஒரு டேப், ஒரு பெட்டகத்தில், ஒரு சாவிக்குள் இருப்பதுபோல நினைத்துக்கொள்கிறோம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' விஷயத்தில் அப்படி ஒரு டேப் கிடையாது.

1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாட்களில் பதிவான ஆல்பம் அது. இடம், கொலம்பியா நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டூடியோ. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். கூரை உயரம், குரலும் கருவியும் காற்றில் நின்று கரையும் இடம். ஒலிப்பதிவாளர் ஃபிரெட் பிளாட். அரை இஞ்ச் அகல டேப்பில் மூன்று டிராக்குகளாக, அதாவது பக்கம் பக்கமாக ஓடும் மூன்று தனித்தனி ஒலித்தடங்களாகப் பதிந்தார்கள். இதுதான் அசல் செஷன் டேப். இதைப் பிறகு இரண்டு டிராக்காகக் கலந்து மிக்ஸ் செய்தது இன்னொரு டேப். எல்.பி. வெட்டப் போனது இந்த இரண்டாவது டேப்தான். ஆக, கேட்பவர் வீட்டுக்கு வந்த முதல் தட்டே செஷன் டேப்பிலிருந்து ஒரு தலைமுறை தள்ளி நின்றது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மார்ச் 2 அன்று ஸ்டூடியோவில் ஓடிய மெஷின்களில், பிரதான மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் கொஞ்சம் வேகமாகவும் ஸ்ருதி கொஞ்சம் ஏறியும் ஒலிக்கும். அன்று பதிவான மூன்று பாட்டுகளும்தான் தட்டின் முதல் பக்கம். அரை ஸ்வரத்துக்கும் குறைவான ஏற்றம்தான் என்றாலும், தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு அது நெருடிக்கொண்டே இருந்தது. 1992-ல் சோனியின் பொறியாளர் மார்க் வைல்டர் மறுபதிப்புக்காக டேப்புகளைத் தேடியபோது, அதே நாளில் பக்கத்தில் சரியான வேகத்தில் ஓடிய பாதுகாப்புப் பிரதியைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகுதான் முதல் பக்கம் உண்மையான ஸ்ருதியில் வெளியானது. 33 வருஷம்! 1997-ல் மூன்று டிராக் டேப்பிலிருந்தே புதிதாக மிக்ஸ் செய்து மறுபடி வெளியிட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஏலத்தில் பெரிய விலை கொடுத்து 1959-ன் முதல் அச்சு எல்.பி. வாங்குகிறவர் காலத்தால் அசலுக்கு மிக அருகில் இருக்கிறார். ஸ்ருதியால் தள்ளி இருக்கிறார். கைபேசியில் சந்தா கட்டிக் கேட்கும் கல்லூரிப் பையன், அந்த அறையில் அன்று ஒலித்த ஸ்வரத்தை அவரைவிடச் சரியாகக் கேட்கிறான். அந்த மிக்ஸ் செய்த மாஸ்டரின் நகல் என்று ஒருவர் ஸ்பூல் டேப்பைக் கொண்டுவந்து தந்தால், அது எந்த வேகத்து டேப்பின் நகல் என்று கேட்காமல் தொடவே கூடாது.

'வால்ட்ஸ் ஃபார் டெபி' வேறு ரகம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. கிரீனிச் வில்லேஜில் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் 'வில்லேஜ் வேன்கார்ட்' என்ற சின்ன கிளப். மதியம் இரண்டு, மாலையும் இரவுமாக மூன்று என ஐந்து அமர்வுகள். எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோட்டியன் டிரம்ஸ். ரிவர்சைட் நிறுவனத்துக்காக ஆரின் கீப்னியூஸ் தயாரித்தார். ஒலிப்பதிவு டேவ் ஜோன்ஸ். தூக்கிச் செல்லக்கூடிய மெஷினில் நேரடியாக இரண்டு டிராக் ஸ்டீரியோவாகப் பதிந்தார்கள். பிறகு மிக்ஸ் செய்ய எதுவும் இல்லை. மேசையில் கண்ணாடி டம்ளர் இடிபடுவதும், யாரோ பேசிச் சிரிப்பதும், பியானோவும் எல்லாம் ஒன்றாக அந்த இரண்டு டிராக்கில் போய்விட்டன. முதல் அமர்வின் முதல் பாட்டில் கரண்ட் ஒரு கணம் போய்ப் பதிவு அறுந்தது. அந்த அறுந்த இடமும் பிறகு வந்த முழுத் தொகுப்பில் அப்படியே இருக்கிறது. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. இந்த மூவரும் சேர்ந்து இனி வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்து அந்த டேப்பைக் கேட்கும்போது, அதன் ஒவ்வொரு சத்தமும் முக்கியமாகிவிடுகிறது. இங்கே மாஸ்டர் என்றால் ஐயமே இல்லை. அந்த ஞாயிறு அந்தக் கிளப்பில் சுழன்ற டேப்தான்.

திருவான்மியூரில் நடந்தது

அந்த நண்பர் வீட்டில் நானும் கேட்டிருக்கிறேன். 'டேப் ப்ராஜெக்ட்' என்று அமெரிக்காவில் 2007 வாக்கில் தொடங்கிய முயற்சி வெளியிட்ட பிரதி. மாஸ்டரிலிருந்து ஓடுபிரதி (மற்ற நகல்களை எடுக்க ஓட்டும் நகல்) ஒன்று எடுத்து, அதிலிருந்து வாங்குபவருக்கான டேப்பை ஒன்றுக்கு ஒன்று என்ற வேகத்திலேயே பதிந்து தருவார்கள். 40 நிமிஷ ஆல்பத்துக்கு 40 நிமிஷம் மெஷின் ஓட வேண்டும். அவசரப் பதிவு கிடையாது.

நண்பர் முதலில் பஞ்சு சுற்றிய குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டுகளைத் துடைத்தார். பஞ்சில் லேசான பழுப்பு. இன்னொரு குச்சி, வெள்ளையாக வரும்வரை. பிறகு டேப்பின் முனையில் ஒட்டியிருந்த தாள் பகுதியைப் பிடித்து, உருளைகளுக்கு இடையே வளைத்து, காலி ஸ்பூலில் இரண்டு சுற்று விரலால் சுற்றினார். டேப்பைப் பெட்டியில் வைக்கும்போது பாட்டின் முடிவு வெளியே இருக்கும்படி வைப்பதால், முதலில் முழுவதையும் திருப்பிச் சுற்ற வேண்டியிருந்தது. அதற்கும் காரணம் உண்டு. சுற்றி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். முடிவு வெளியே இருக்கும்படி வைத்தால் அந்த நிழல் ஒலி பாட்டுக்குப் பின்னால் எதிரொலி போல மறைந்துவிடும். மாற்றி வைத்தால், பாட்டு தொடங்குவதற்கு முன்பே அதன் ஆவி கேட்கும்.

'மை ஃபூலிஷ் ஹார்ட்' தொடங்கியது. மோட்டியனின் பிரஷ் சிம்பலைத் தொட்டு, அந்த ஒலி மெல்லத் தேய்ந்து கிளப்பின் இருட்டில் கரைவதை, அது எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாத அளவுக்குப் பின்தொடர முடிந்தது. லஃபாரோவின் தந்தி ஒலிப்பதற்குச் சற்று முன், விரல் அதில் பதியும் சத்தம் தனியாகக் கேட்டது. எல்.பி.யிலும் அது உண்டு, தேடினால் கிடைக்கும். டேப்பில் தேட வேண்டியிருக்கவில்லை. தம்பி எதில் விழுந்தார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

எல்.பி. எங்கே நழுவுகிறது?

எல்.பி.யை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதன் வடிவத்திலேயே ஒரு குறை உண்டு, அது யாருடைய தப்பும் இல்லை. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் சுற்றும் 12 இஞ்ச் தட்டில், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ.க்கு வந்துவிடும். அதே இசையை எழுத அங்கே பாதிக்கும் குறைவான இடம்தான். நுண்ணிய உயர் ஒலிகள் மங்கும், கனமான இடங்களில் கரகரப்பு ஏறும். ஸ்பூல் டேப்போ 15 இஞ்ச் வேகத்தில், அதாவது நொடிக்கு 38 செ.மீ., முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை மாறாமல் ஓடும்.

'வால்ட்ஸ் ஃபார் டெபி'யின் இரண்டாம் பக்கம் முடிவது 'மைல்ஸ்டோன்ஸ்' என்ற மைல்ஸ் டேவிஸின் பாட்டில். மூவரும் ஒருவரை ஒருவர் துரத்தும் வேகமான வாசிப்பு. ஆல்பத்திலேயே ஊசிக்கு அதிகம் வேலை தரும் பாட்டு, ஊசிக்கு மிகக் கஷ்டமான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதே ஆல்பத்தை 45 வேகத்தில் இரண்டு தட்டுகளாகப் பிரித்து வெட்டினால், உள்பக்கத்திலும் நொடிக்கு 28 செ.மீ.யாவது கிடைக்கும். பாட்டுகள் நான்கு பக்கங்களில் பரவுவதால் லேபிள்வரை போகவும் தேவையில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போடுவது தொல்லைதான். ஆனாலும் எல்.பி. என்று முடிவு செய்தால் இந்த ஆல்பத்துக்கு 45-தான் வாங்க வேண்டும் என்பேன்.

அடுத்து, கைமாறும் கணக்கு. மாஸ்டர் டேப்பிலிருந்து லாக்கர் தட்டில், அதாவது மென்மையான பூச்சு பூசிய தட்டில், பள்ளத்தை வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக வார்ப்பு, அதிலிருந்து தாய்த்தட்டு, அதிலிருந்து அச்சு, அதிலிருந்து நம் வீட்டுத் தட்டு. லாக்கரிலிருந்து நேரே அச்சுக்குப் போய், நடுவில் இரண்டு படிகளைக் குறைக்கும் ஒற்றைப்படி முறையும் இருக்கிறது. ஒரு லாக்கரிலிருந்து சில நூறு தட்டுகள்தான் எடுக்க முடியும் என்பதால் விலை ஏறிவிடும். லாக்கருக்கே பஞ்சமும் வந்தது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோன பிறகு, உலகத்துக்கே லாக்கர் தர ஜப்பானில் ஒரு நிறுவனம்தான் மிஞ்சியது.

எண்பதுகளின் எல்.பி. என்றால் சுத்தமான அனலாக், நடுவில் டிஜிட்டலே இல்லாதது, என்று பலர் நம்புகிறார்கள். அங்கேயும் கவனம் வேண்டும். லாக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு, அடுத்து வரப்போகும் ஒலி எவ்வளவு பலமானது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் பள்ளங்களுக்கு இடையே தேவையான இடம் விடும். பழைய முறையில் டேப் மெஷினில் இதற்கென்றே முன்னால் ஒரு ஹெட் இருந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து பல இடங்களில் அந்த ஹெட்டுக்குப் பதிலாக ஒரு டிஜிட்டல் தாமதக் கருவியை வைத்தார்கள். முன்னறிவிப்பு நேரடியாகப் போகும். தட்டில் வெட்டப்படும் இசை டிஜிட்டலாக மாறித் திரும்பி வரும். உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

2022-ல் நாம் கற்றது

இந்த விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் பல வருஷங்களாக அசல் மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்தவை என்ற பெயரில் எல்.பி.கள் வெளியிட்டது. ஆடியோ ஆர்வலர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். 2022 ஜூலையில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ரெக்கார்டு கடை வைத்திருக்கும் ஒருவர், அவற்றில் பல டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் வடிவத்தின் வழியாக வந்தவை என்று வீடியோவில் சொன்னார். நிறுவனத்தின் பொறியாளர்களே பிறகு அதை ஒப்புக்கொண்டார்கள். 2011-லிருந்தே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. வழக்கும் வந்தது.

சொல்லாமல் விற்றது தப்பு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது: பத்து வருஷத்துக்கும் மேல், உலகத்தின் கூர்மையான காதுகள் அந்தத் தட்டுகளைக் கேட்டு, இதுதான் அனலாக்கின் உச்சம் என்று எழுதிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த டிஜிட்டல் படியை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திருவான்மியூர் நண்பரும் நானும் ஒரு இரவு முழுக்க இதைச் சோதித்துப் பார்த்தோம். அவருடைய டேப்பை, ஒலியை டிஜிட்டலாக மாற்றும் நல்ல கன்வர்ட்டர் வழியாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தோம். பிறகு டேப்பையும் ஃபைலையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு, ஒலி அளவை மீட்டர் வைத்துச் சமப்படுத்தி, ஒருவர் ஸ்விட்சை மாற்ற மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும். விடிய விடிய உட்கார்ந்தும் இருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே இரவில் கடையில் வாங்கிய சி.டி.யைப் போட்டால் மூன்றாவது நொடியில் தெரிந்தது.

அன்றிலிருந்து என் எண்ணம் மாறியது. டேப்பில் நமக்குப் பிடிப்பது பெரும்பாலும் டேப்பின் குணம் இல்லை. மாஸ்டரில் இருப்பதைப் பெரிதாகத் தொடாமல், பளபளப்பு ஏற்றாமல், சத்தத்தை உயர்த்தி அமுக்காமல் அப்படியே நகல் எடுத்துத் தந்திருக்கிறார்கள். சி.டி.யில் கேட்ட வித்தியாசம் டிஜிட்டலால் வந்தது இல்லை. நடுவில் இருந்த கைகளால் வந்தது. படிகளை எண்ணினால், மாஸ்டரை நேராக டிஜிட்டலாக மாற்றிய ஃபைல் ஒரே படி. ஓடுபிரதி வழியாக வரும் ஸ்பூல் இரண்டு படி, ஒவ்வொரு படியிலும் இரைச்சல் சேரும். கணக்குப்படி மாஸ்டரின் அளவுக்கே இரைச்சல் சேர்ந்தால் 3 டெசிபல். எல்.பி. நான்கைந்து படி. ஃபைலை எத்தனை முறை நகல் எடுத்தாலும் தேயாது.

அப்படியானால் ஃபைல் என்று முடித்துவிடலாமே என்றால், அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. ஒரே ஆல்பத்துக்கு டிஜிட்டலில் பல பதிப்புகள் இருக்கும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கள் எந்த டேப், யார் கை என்பதைச் சொல்லாது. அமுக்கப்பட்ட மாஸ்டரிங்கை (வெளியிடுவதற்கு முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை) எந்த எண்ணில் கொடுத்தாலும் அது அமுக்கப்பட்டதுதான். பதிப்பைத் தேடி எடுப்பதில்தான் வேலை இருக்கிறது.

மெஷின் வாங்கினால்

தம்பியின் மனசு இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு உபயோகத்துக்கு வந்த பழைய ஸ்பூல் மெஷின்களில் பெரும்பாலானவை நான்கு டிராக், 7½ இஞ்ச் வேகம். அறுபதுகளில் கடைகளில் விற்ற பதிவு டேப்புகளுக்கு அவை போதும். அந்த டேப்புகள் வேகமாக நகலெடுக்கப்பட்டவை, இரைச்சல் உண்டு. சுகமாக ஒலிக்கும், ஆனால் நாம் பேசும் விஷயம் அது இல்லை. மாஸ்டர் நகலுக்கு இரண்டு டிராக், 15 இஞ்ச் மெஷின் வேண்டும். ரெவாக்ஸ், ஓட்டாரி, டெக்னிக்ஸ், ஸ்டூடர் என்று போகும் அந்தப் பட்டியலில், மெஷினின் பெயரைவிட அதன் ஹெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய அமெரிக்க மெஷின்கள் சிலவற்றின் மோட்டார், கரண்டின் அதிர்வெண்ணை வைத்துத்தான் வேகத்தைப் பிடிக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைச் சரிசெய்துவிட்டாலும் மெஷின் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கதையில் ஒரு சின்ன வேக வித்தியாசம் என்ன செய்தது என்று பார்த்தோம். இது அதைப்போலப் பல மடங்கு. தன் வேகத்தைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும் சர்வோ மோட்டார் உள்ள மெஷினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பிறகு சென்னை. கடல் காற்று, ஐப்பசி ஈரம். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால் அது ஹெட்டுக்கும் போகும், பக்கத்து டேப்புக்கும் போகும். நண்பர் இரும்பு பீரோவில் சிலிகா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறார்; மாதம் ஒருமுறை பைகளைக் காயவைக்கிறார். எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள்வரை தயாரான சில டேப்புகளில் இன்னொரு நோய். காந்தத் தூளை ஒட்டிவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். நானே ஒருமுறை ஏமாந்தேன். ஸ்டூடியோ நகல் என்று சொன்ன ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய டேப், ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிஷத்தில் கீச்சென்று கத்தியது. நிறுத்திப் பார்த்தால் ஹெட்டில் பழுப்புப் பசை அப்பியிருந்தது. இசையின் ஒரு பகுதி அந்தப் பசையோடு போயே போய்விட்டது. இப்படிப்பட்ட டேப்பைச் சுமார் 54 டிகிரி சூட்டில் பல மணி நேரம் பதமாகக் காயவைத்தால் சில வாரம் ஓட்டலாம். அதை ஆய்வகச் சூட்டுப்பெட்டியில் செய்ய வேண்டும், சமையலறை அவனில் செய்யக் கூடாது. 1961-ன் வேன்கார்ட் டேப் இந்தப் பசைக்கு முந்தைய காலம் என்பது நம் அதிர்ஷ்டம்.

விலைக்கு வருவோம். முறையான உரிமத்தோடு வரும் 15 இஞ்ச் ஆல்பம் ஒன்றுக்கே சில நூறு டாலர் ஆகும். ஒரு பெரிய ஸ்பூலில் 2,500 அடி டேப், அந்த வேகத்தில் 33 நிமிஷம். ஆகவே ஒரு ஆல்பத்துக்கு இரண்டு ஸ்பூல், அதற்கேற்ற எடை, அதற்கேற்ற கப்பல் கூலி, மேலே சுங்கம். மூன்று லட்சத்தில் மெஷினும், அதைச் சரிபார்க்கும் செலவும் போக இரண்டு ஆல்பம் கையில் வந்தால் அதிகம். கிடைக்கும் தலைப்புகளும் கொஞ்சம்தான். மலிவாக இணையத்தில் சுற்றும் 'மாஸ்டர் நகல்'களில் பெரும்பாலானவற்றுக்கு ஊர் பேர் கிடையாது. உரிமை இல்லாதவை, எதிலிருந்து எடுத்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சி.டி.யிலிருந்து டேப்பில் பதிந்து அனுப்பினாலும் நம்மால் என்ன செய்ய முடியும்?

தம்பிக்கு நான் சொன்னது

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு ஸ்பூலைத் தேட வேண்டாம். மூன்று டிராக் டேப்பிலிருந்து, சரியான ஸ்ருதியில் வந்த டிஜிட்டல் பதிப்பை வாங்குங்கள். அந்த ஆல்பத்துக்கு இதுதான் செஷனுக்கு மிக அருகில் போகும் வழி. தட்டில்தான் கேட்பேன் என்றால், பெர்னி கிரண்ட்மன் மூன்று டிராக் டேப்பிலிருந்து வெட்டிய எல்.பி. இருக்கிறது, ஸ்ருதி திருத்தத்தோடு. பழைய முதல் அச்சை, முதல் பக்கம் ஏறிய ஸ்ருதி என்று தெரிந்துகொண்டு, 1959-ல் மக்கள் கேட்டது எப்படி இருந்தது என்று அறியும் ஆசையில் வாங்கினால் சரி.

'வால்ட்ஸ் ஃபார் டெபி'க்கு ஸ்பூல் உண்மையிலேயே பொருந்தும். இரண்டு டிராக்கில் பிறந்து இரண்டு டிராக்கிலேயே வருவது. நடுவில் மிக்ஸ் இல்லை, கையாளுதல் குறைவு, 'மைல்ஸ்டோன்ஸ்' லேபிளோரம் நசுங்காது. ஒரே ஆல்பத்துக்காக ஒருவர் மெஷின் வாங்கினால் அது இந்த ஆல்பமாக இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியும். ஆனால் மூன்று நிபந்தனை: பத்துப் பதினைந்து ஆல்பத்தோடு திருப்தியாக இருக்க முடிய வேண்டும், ஹெட்டை நேராக்கித் தரத் தெரிந்த மெக்கானிக் ஊரிலேயே இருக்க வேண்டும், டேப் வைக்க ஈரம் புகாத இடம் வீட்டில் இருக்க வேண்டும். தம்பியின் வீடு பெசன்ட் நகரில், கடலிலிருந்து நடந்து போகும் தூரம்.

ஆகவே என் யோசனை, பணத்தில் பாதியை, டிஜிட்டல் ஃபைலை ஒலியாக மாற்றும் நல்ல டி.ஏ.சி. கருவிக்கும் ஸ்பீக்கருக்கும் போடுங்கள். டர்ன்டேபிளை மாற்ற வேண்டாம். ஊசியைத் தாங்கும் கேட்ரிட்ஜை மட்டும் மாற்றி, அதைச் சரியான கோணத்தில் பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வேன்கார்ட் ஆல்பத்தின் 45 வேகப் பதிப்பு கிடைத்தால் எடுங்கள். மீதியை ஒரு வருஷம் வங்கியில் வையுங்கள். அந்த வருஷத்துக்குள் மெஷின் ஆசை போகவில்லை என்றால், சர்வோ மோட்டார், இரண்டு டிராக், 15 இஞ்ச் என்று பார்த்து எடுங்கள். டேப் வாங்கும்போது விற்பவரிடம் எந்த டேப்பிலிருந்து எடுத்தது, நடுவில் எத்தனை நகல், ஐ.ஈ.சி. முறையில் பதிந்ததா என்.ஏ.பி. முறையில் பதிந்ததா (பதியும்போது உயர் ஒலிகளையும் தாழ்ந்த ஒலிகளையும் சமன்படுத்தும் இரண்டு தர முறைகள்) என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் ஓட்டினால் தொனியே மாறிவிடும். விற்பவருக்கே விடை தெரியவில்லை என்றால் பணத்தை அனுப்பாதீர்கள்.

அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபைல்ல அந்த ஸ்பூல் சுத்துறது தெரியாதேண்ணா" என்றார். அது நியாயம்தான், அதற்கும் ஒரு விலை கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும். வரும் ஞாயிறு மூவரும் திருவான்மியூரில் உட்காரப் போகிறோம். 'மைல்ஸ்டோன்ஸ்' பாட்டை எல்.பி.யில் ஒருமுறை, டேப்பில் ஒருமுறை, அந்த டேப்பிலிருந்து நாங்கள் எடுத்த ஃபைலில் ஒருமுறை. ஸ்விட்ச் இந்த முறை என் கையில். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும்.